அம்பு வலப்பக்கம் போனால் தப்பு யாருடையது?

மூன்று மாதம் என் மகளைத் தேவையில்லாமல் திட்டியிருக்கிறேன். எங்கே தப்பு நடந்தது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியல் படிக்க வேண்டியிருந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளையை வில்வித்தைக்கு அனுப்பும் வேறு யாருக்காவது உதவும்.

அவளுக்கு 13 வயது. ரெண்டு வருஷமாக ரிகர்வ் வில்லில் பயிற்சி. ஒலிம்பிக்கில் இதே வகை வில்லில் 70 மீட்டர் தூரம் எய்கிறார்கள். இவள் இப்போதைக்கு 30 மீட்டர். இலக்கு அட்டை மட்டும் அதே 122 செ.மீ. நடு வட்டத்துக்கு 10 புள்ளி. அங்கிருந்து வெளியே வர வர, 6.1 செ.மீ.க்கு ஒரு புள்ளி குறையும். 36 அம்பு எய்தால் மொத்தம் 360.

தொழில் புத்தி போகுமா? எக்செல்லில் ஒவ்வொரு நாள் மொத்தத்தையும் குறித்து வந்தேன். ஜூனில் சராசரி 284. ஆகஸ்ட் முடிவில் 251. கவனம் சிதறுகிறது, போன்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டேன். "இல்லப்பா, அம்பெல்லாம் ஒரே எடத்துலதான் போவுது" என்றாள் அவள். நான் காதில் வாங்கவில்லை. போதாததற்கு, வில்லில் இருக்கும் சைட்டைத் தொடவே கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் ரெண்டு விஷயத்தை மாற்றினால் எதனால் என்ன ஆச்சு என்று தெரியாது, இல்லையா? அலுவலகத்தில் பிழை தேடும்போது நாங்கள் பிடிக்கும் ஒழுங்கு அது.

ஒரு நாள் பயிற்சியாளர் இலக்கு அட்டைக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துக் காட்டினார். ஆறு அம்பும் நெருக்கமாகக் குத்தி நின்றன. ஆனால் நடுவிலிருந்து நன்றாகத் தள்ளி, வலப்பக்கம் மேலே. ஜூனில் இவளுடைய அம்புகள் நடுவைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும். இப்போது கை நிலைத்திருக்கிறது, குறி மட்டும் மொத்தமாக நகர்ந்திருக்கிறது. நெருக்கம் வேறு, துல்லியம் வேறு. என் எக்செல்லில் இருந்த ஒற்றை எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சரி, குறி ஏன் நகர்ந்தது? பிள்ளை வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

வில்லின் மேல் எழுதியிருக்கும் பவுண்டு கணக்கு, நாணை 28 அங்குலம் இழுத்தால் எவ்வளவு விசை என்பது. கை நீளமாக நீளமாக இழுப்பும் கூடும். அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இவளுடைய இழுப்பு 25.5 அங்குலத்திலிருந்து 27க்கு வந்திருந்தது. அதாவது வில்லை மாற்றாமலே சுமார் 3 பவுண்டு கூடிவிட்டது. வேகம் கூடிய அம்பு மேலே போய்க் குத்துகிறது.

வலப்பக்கம் போனதுக்குக் காரணம் இன்னும் சுவாரசியமானது. விரல்களை விட்டு நாண் நேராகக் கிளம்புவதில்லை, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டுதான் கிளம்பும். பின்னாலிருந்து தள்ளு வாங்கும் அம்பு வளைந்து, நெளிந்து, மீன் நீந்துவது போல வில்லின் நடுத்தண்டைத் தாண்டிப் போகிறது. இதற்கு வில்லாளியின் முரண் என்று பெயர். பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் 1930களிலேயே அதிவேகக் கேமராவில் இதைப் படம் பிடித்தார்.

ஆக, அம்பின் விறைப்பு வில்லின் விசைக்குப் பொருந்த வேண்டும். அந்த விறைப்பை ஸ்பைன் என்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் ரெண்டு முனையிலும் அம்பைத் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்று அளப்பார்கள். 1000 என்றால் ஒரு அங்குலம் வளையும். எண் குறைந்தால் விறைப்பு அதிகம். விசைக்குப் போதாத அம்பு அதிகமாக வளையும். வலக்கைக்காரருக்கு அது வலப்பக்கம் விலகும்.

இதில் என் பங்கும் உண்டு. வளரும் பிள்ளை என்று, பள்ளிச் சீருடையைத் தாராளமாகத் தைப்பது போல, அம்பையும் நீளமாகவே வாங்கியிருந்தேன். நீளமான அம்பு இன்னும் அதிகமாக வளையும்.

பயிற்சியாளர் இறகில்லாத ரெண்டு அம்பைக் கொடுத்து எய்யச் சொன்னார். இறகு அம்பின் தடுமாற்றத்தைப் பறக்கும்போதே திருத்திவிடும். இறகு இல்லாவிட்டால் குறை அப்படியே தெரியும். ரெண்டும் மற்ற அம்புகளுக்கும் வலப்பக்கம் போய்க் குத்தின. சந்தேகமே இல்லை. 1000க்குப் பதில் 900 வாங்கச் சொன்னார்.

பிறகு அவளைப் பார்த்து, "சைட்டை ஏம்மா நகர்த்தலை?" என்றார்.

"அப்பா தொட வேணாம்னு சொன்னாரு சார்."

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்தும், மூன்று மாதம் திட்டு வாங்கிக்கொண்டு, நான் சொன்ன இடத்திலேயே குறிவைத்து எய்திருக்கிறாள். இருபது வருஷ வேலையில் அந்தப் பொறுமை எனக்கு ஒரு நாள்கூட வாய்த்ததில்லை.

அம்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமேதான் சைட்டை நகர்த்த வேண்டும். முதலில் கேட்டால் தலைகீழாகத் தோன்றும், யோசித்தால் புரியும். அவளே வலப்பக்கமும் மேலேயும் நகர்த்திக்கொண்டாள். அன்று மாலை, அந்தப் பழைய அம்புகளிலேயே 301.

வீட்டுக்கு வந்து எக்செல்லில் ரெண்டு பத்தி கூட்டினேன்: அம்புகளுக்குள் இருக்கும் நெருக்கம், அவளுடைய இழுப்பு நீளம். மூன்றாவதாக ஒன்றை அவளே கூட்டினாள். "அப்பா திட்டினாரா? ஆம் / இல்லை." அதை இன்னும் அழிக்கவில்லை.