இறால், சிப்பி, கோழி: ஒரு போஷாக்கு விசாரணை

நாம் உண்ணும் பொருள்களில் எதில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அட்டவணையாக எழுதிவைக்கும் காரியம் இந்தத் தேசத்தில் வேர்விட்டது நீலகிரியின் குன்னூரில் என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வைத்தியர், பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்வதற்காக அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ஆரம்பித்த சிறு முயற்சியே நாளடைவில் வளர்ந்து, ஐக்ராய்டு என்பவரின் பொறுப்பில் 1937இல் இந்திய உணவுகளின் சத்து விவரங்களை நூலாக வெளியிட்டு, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. அந்நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றிருக்கின்றன.

இத்தகைய அட்டவணைகளைப் புரட்டும்போது, கடல் தரும் ஓட்டுப் பிராணிகளையும் பண்ணை தரும் கோழியையும் அருகருகே நிறுத்தி எது உயர்ந்தது என்று பார்க்கும் ஆவல், மாமிச போஜனம் செய்கிற எவருக்கும் எழுவது இயற்கை. ஆனால் பெரும்பாலோர் முதலில் எடுத்துப் பார்ப்பது இறாலையும் கோழியின் நெஞ்சுக்கறியையுந்தான். அவற்றைப் பார்த்தவுடன் சற்று ஏமாற்றமே உண்டாகும். அமெரிக்க விவசாய இலாகாவின் கணக்குப்படி, தோல் நீக்கி எண்ணெய் சேர்க்காமல் சமைத்த நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் சுமார் 31 கிராம், கொழுப்பு மூன்றரைக் கிராம், கலோரி 165. வேகவைத்த இறாலில் புரதம் 24 கிராம், கலோரி ஏறக்குறைய 100, கொழுப்போ அரைக் கிராமுக்கும் குறைவு. நண்டில் புரதம் 18 கிராம் அளவில் நிற்கிறது. கோழியில் நியாசினும் பி6 வைட்டமினும் கூடுதல்; இறாலில் அயோடினும் பி12 வைட்டமினும் கூடுதல். சரீர வளர்ச்சிக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் யாவும் இரண்டிலும் குறைவின்றி உள்ளன. எடை குறைய விரும்புகிறவருக்கு இறால் சற்று அனுகூலம், புஷ்டி வேண்டுகிறவருக்குக் கோழி சற்று அனுகூலம் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

அவ்வாறு முடிப்பது அவசரம். இரண்டும் இத்தனை நெருங்கியிருப்பதன் காரணம், இரண்டிலும் நாம் உண்பது தசையொன்றையே என்பதுதான். கோழியின் நெஞ்சு சிறகை அசைக்கும் தசை. இறாலின் உடல், ஆபத்து நேர்ந்த கணத்தில் பின்னோக்கித் துள்ளிப் பாய்வதற்காக அமைந்த தசை. இறாலின் ஈரல் போன்ற சுரப்பி இருக்கும் தலையை நாம் கிள்ளி எறிந்துவிடுகிறோம். முதுகில் கறுப்பு நூலாக ஓடும் குடலையும் உருவிப் போட்டுவிடுகிறோம். அவ்வாறு சுத்தம் செய்து எடுத்த தசை, நீரில் நீந்தியதாயினும் நிலத்தில் நடந்ததாயினும், புரதமும் நீருமேயன்றிப் பெரிதாக வேறொன்றும் தருவதில்லை.

சிப்பியின் விஷயம் முற்றிலும் வேறு. குளச்சல், முட்டம், கடியபட்டணம் முதலிய குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியை நீரில் மூழ்கிப் பெயர்த்தெடுத்து வருகிறார்கள்; மலபாரில் அதே குடும்பத்துச் சிப்பியைக் கல்லுமக்காய் என்று கொண்டாடுகிறார்கள்; கழிமுகச் சேற்றில் கையால் துழாவி மட்டி எடுத்துப் பிழைப்பவர்கள் நம் கடற்கரை முழுவதும் இருக்கிறார்கள். இந்தச் சிப்பியையும் மட்டியையும் உண்கிறபோது, தசையை மட்டும் பிரித்தெடுத்து உண்பது இயலாத காரியம். குடல், செவுள், ஈரலை நிகர்த்த சுரப்பி, சினை எல்லாம் சேர்ந்த பிராணி முழுவதையுமே ஒரு வாயில் உண்டுவிடுகிறோம். அட்டவணை உடனே மாறுகிறது. வெந்த சிப்பி 100 கிராமில் இரும்புச்சத்து ஏறக்குறைய 6.7 மில்லிகிராம், கோழி நெஞ்சுக்கறியில் அது 1 மில்லிகிராம். மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி12 வைட்டமின் இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம் என்றால், வெந்த சிப்பியில் அது 24, மட்டியில் ஏறக்குறைய 99. கோழிக்கறியிலோ மூன்றில் ஒரு மைக்ரோகிராம்தான். மேல்நாட்டார் பச்சையாகவே விழுங்கும் ஆளி என்னும் சிப்பிவகையில் துத்தநாகம் மற்றெந்த உணவிலும் காணாத அளவுக்கு இருக்கிறது. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பும் சிப்பியில் கணிசமாக உண்டு. கோழியில் அது பெயரளவுக்கே.

அப்படியானால் கோழி தோற்றுவிட்டதா என்றால், கோழிக்கும் அதே நியாயத்தை வழங்கிப் பார்க்க வேண்டாமா? கோழியின் ஈரலை அட்டவணையில் தேடினால், வெந்த ஈரல் 100 கிராமில் இரும்பு சுமார் 11 மில்லிகிராம், பி12 சுமார் 17 மைக்ரோகிராம், புரதம் 24 கிராம் என்று காண்கிறோம். அதாவது பி12இல் அது சிப்பியை ஓரளவு நெருங்கியும் இரும்பில் சிப்பியை மிஞ்சியும் நிற்கிறது. ஆகவே சண்டை கடலுக்கும் பண்ணைக்கும் இடையிலன்று, தசைக்கும் உள்ளுறுப்புக்கும் இடையிலேயே நடக்கிறது. கறிக்கடையில் கால்களையும் நெஞ்சையும் தேடி வாங்கிக்கொண்டு, ஈரலை வேண்டாமென்று ஒதுக்குவது, சத்துள்ளதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வரும் காரியம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். அப்படிப்பட்ட நாட்டில், மலிவாகக் கிடைக்கும் ஈரலும் மட்டியும் கௌரவமற்ற உணவுகளாக எண்ணப்படுவது வருந்தத்தக்கது. கர்ப்பிணிகள் மட்டும், ஈரலில் ஏ வைட்டமின் மிகுந்திருப்பதால், வைத்தியரைக் கேட்டே அதை உண்ண வேண்டும்.

இனி, இறாலைப் பற்றிய ஒரு பழைய பயத்தைச் சற்று விஸ்தாரமாகவே ஆராய்வது நல்லது. ஏனெனில் இருதய நோய் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் வீடுகளில் முதலில் தள்ளிவைக்கப்படுவது இறாலே. 100 கிராம் இறாலில் சுமார் 190 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருப்பது உண்மை; கோழி நெஞ்சில் அதில் பாதிக்கும் குறைவுதான். 1968இல் அமெரிக்க இருதய சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்டிரால் உண்ணலாகாது என்று விதித்ததும், இறாலின் பெயர் கெட்டுப்போயிற்று. ஆனால் இரத்தத்தில் கொலஸ்டிரால் ஏறுவதற்கு, உணவில் உள்ள கொலஸ்டிராலைவிட, நெய்யிலும் தேங்காய் எண்ணெயிலும் கொழுத்த இறைச்சியிலும் உள்ள பூரிதக் கொழுப்பே அதிகக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. இறாலில் அந்தக் கொழுப்பு அநேகமாக இல்லை. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தார் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், தினந்தோறும் 300 கிராம் இறால் உண்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்டிரால் 7 சதவீதம் உயர்ந்ததாயினும், நல்ல கொலஸ்டிரால் 12 சதவீதம் உயர்ந்து, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 13 சதவீதம் குறைந்தது. 2015ஆம் ஆண்டின் அமெரிக்க உணவு வழிகாட்டி அந்த 300 மில்லிகிராம் வரம்பையே விட்டுவிட்டது. இதனால் இறாலை வரம்பின்றி உண்ணலாம் என்பது அர்த்தமன்று. அந்த ஆராய்ச்சியில் வழங்கப்பட்டது ஆவியில் வெந்த இறாலேயன்றி, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்ததன்று. நம் உணவு விடுதிகளில் சிவந்து மொறுமொறுக்கும் இறாலும், தோலோடு பொரித்த கோழியும், குற்றத்தில் சரிபங்குக்காரர்கள்.

பிராணி முழுவதையும் உண்பதில் இலாபம் எவ்வளவோ அவ்வளவு ஆபத்தும் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. சிப்பி தன் செவுளின் வழியே ஓயாமல் நீரை வடித்து அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு வாழ்வது. நீரில் சாக்கடை கலந்திருந்தால் அதன் கிருமிகளும், விஷப்பாசி படர்ந்திருந்தால் அதன் நஞ்சும் அதன் உடலிலேயே தங்கும். அந்த நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாதது. 1981இல் நம் தமிழ்நாட்டிலேயே இவ்வாறு நஞ்சேறிய மட்டியை உண்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, மூவர் மாண்டுபோனார்கள். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புநிறப் பசையில் காட்மியம் என்னும் உலோகம் சேர்வதால், அதை அளவோடு உண்ணும்படி ஐரோப்பாவில் எச்சரித்திருக்கிறார்கள். கோழியின் பங்குக்குச் சால்மொனெல்லா முதலிய கிருமிகள் இருக்கின்றன. ஆனால் அவை நன்றாக வேகவைத்தால் மடிந்துபோகும். பச்சைக் கறியைக் குழாயடியில் அலசுவதுதான் அவற்றைச் சமையலறை முழுவதும் தெளித்துவிடும் வழி. கோழிகள் விரைவில் பருக்க வேண்டுமென்று தீவனத்தில் கலந்த கொலிஸ்டின் என்ற மருந்தை 2019இல் மத்திய அரசாங்கம் தடைசெய்தது. மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்தைப் பண்ணைக் கோழிக்குத் தினசரி ஊட்டிய புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

ஒவ்வாமை என்பது இவற்றினின்றும் வேறான சங்கதி. இறால், நண்டு இவற்றின் தசையிலுள்ள டிரோபோமயோசின் என்ற புரதம் சிலருடைய சரீரத்துக்குப் பகையாக அமைந்துவிடுகிறது. தடிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் உண்டாகும். இளமையில் இல்லாமல் வயதுவந்த பிறகு திடீரென்று தோன்றுவதும், தோன்றியது ஆயுள் முழுவதும் தொடர்வதும் இதன் சுபாவம். இத்தகையவர்களுக்குச் சத்துக் கணக்கெல்லாம் வீண்; கோழியே அவர்களுக்கு உற்ற துணை. யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களோ, சிப்பி, இறால், கோழி ஈரல் ஆகிய மூன்றையுமே குறைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தைக்குப் போகிறவர் பணத்தையும் கணக்கிட்டாக வேண்டும். தலையும் ஓடும் நீங்கினால் ஒரு கிலோ இறாலில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். நண்டில் அதற்கும் வெகு குறைவு. பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வரும் கோழியில் எலும்பு போனாலும் கறி பெரும்பகுதி தங்கும். புரதத்துக்காக மட்டும் வாங்குகிறவருக்குக் கோழிக்கு நிகராக மலிவானது இவற்றில் வேறில்லை. இறாலைச் சுவைக்காக வாங்குங்கள். அதில் தவறொன்றுமில்லை, பயமும் வேண்டாம். இரும்புக்காகவும் பி12க்காகவும் வாங்குகிறவர்கள், கடலோரத்தில் இருந்தால் நல்ல நீரில் எடுத்த மட்டியையும் சிப்பியையும் உயிரோடு பார்த்து வாங்குங்கள்; திறந்திருக்கும் ஓடு தட்டியவுடன் மூடாவிட்டால் அதைத் தொடவேண்டாம். உள்நாட்டில் இருந்தால், அடுத்த முறை கோழி வாங்கும்போது ஈரலையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.