விடுமுறையில் பிள்ளைகள் படித்ததை மறக்காமல் இருக்க…



மனனம் செய்த சூராவைச் சில வாரம் ஓதாமல் விட்டால் நாவு தடுமாறும் என்பது நாம் அறிந்ததே. பள்ளிப் பாடமும் அப்படித்தான். ஏப்ரலில் ஓரளவு வாசித்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை, விடுமுறை முழுவதும் புத்தகத்தைத் தொடாவிட்டால் ஜூனில் மறுபடியும் எழுத்துக் கூட்டித் திணறும். வகுப்போ முன்னே போய்விடும்.

கரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது இந்த இழப்பை ஊரே கண்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் அறிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குச் செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது அதனால்தான். அந்த வயதில் வாசிப்பு கைவராவிட்டால், மேல்வகுப்பில் எல்லாப் பாடமும் பாரமாகும்.

இதற்கு டியூஷன் தேவையில்லை. தினமும் அரை மணி நேரம் போதும்.

வாசிப்பு: காலையில் குர்ஆன் ஓதி முடித்ததும், தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அருகில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “என்ன கதை, எனக்குச் சொல்லு” என்றால் போதும். பிள்ளை புரிந்து வாசித்ததா என்பது தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் தந்தையும் போனில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பாடநூல் சலித்தால் கிளை நூலகத்தில் கதைப் புத்தகங்கள் உண்டு.

கணக்கு: கால் கிலோ பருப்பு எத்தனை பொட்டலம் சேர்ந்தால் ஒரு கிலோ? 100 ரூபாய் கொடுத்து 64 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு? சமையலறையிலும் கடையிலும் கேளுங்கள்.

எழுத்து: தொழுகை நேர அட்டவணையைப் பார்த்து, மஃரிப் நேரத்தைத் தேதியுடன் தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல் தொடக்கத்தைவிட மே இறுதியில் சூரியன் சில நிமிடம் தாமதமாக மறைவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

தவறாக வாசித்தால் அதட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். அஸருக்குப் பிறகு விளையாட விடுங்கள். அதுவும் பிள்ளையின் உரிமை.

இவ்வளவும் செய்து, பள்ளி திறக்கும்போதும் பிள்ளை வாசிக்கச் சிரமப்பட்டால், முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைச் சந்தித்துச் சொல்லுங்கள். பரீட்சை வரை காத்திருக்க வேண்டாம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.