முகநூலில் கண்ட்ரோலர் யார்?

நம் சங்கத்தில் பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கி முகநூலில் போய் நிற்கிறது. அது இல்லாவிட்டால் பொழுது போகாது என்பார் ஒருவர். அது வந்துதான் வீடு கெட்டது என்பார் இன்னொருவர். இரண்டும் மெய்தான். ஆனால் அந்த இயந்திரம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. டிப்ளமா படித்தவனுக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

2004 ஜனவரியில் கூகிள் ஆர்குட்டைத் தொடங்கியது. ஆர்குட் என்பது அதை உருவாக்கிய துருக்கி நாட்டுப் பொறியாளரின் பெயர். நம் பிள்ளைகள் அதில் விழுந்து கிடந்தது நினைவிருக்கும். 2014 செப்டம்பர் 30-இல் அதை மூடிவிட்டார்கள். அதே 2004-இல் ஹார்வர்ட் மாணவர்களுக்காகத் தொடங்கிய ஃபேஸ்புக், 2006 செப்டம்பரில் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது.

இதன் கவர்ச்சி எங்களைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல், ஒரு புதுக் குவார்ட்டர்ஸ். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் பிலாய், கரக்பூர், மஸ்கட் என்று சிதறி, இன்லண்டுக் கடிதமும் நின்றுபோய் முப்பது ஆண்டுகள். பெயரைத் தட்டியதும் வழுக்கைத் தலையோடு ஆள் வந்து நிற்கிறான்! இந்த ஒரு காரியத்துக்காகவே அதைக் கும்பிடலாம்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. 2006 செப்டம்பருக்கு முன் நண்பரின் பக்கத்துக்கு நாமே போய்ப் பார்க்க வேண்டும். அந்த மாதம் நியூஸ் ஃபீட் வந்தது. செய்திகள் தாமாக வரத் தொடங்கின. ஒற்றைப் பாதையில் எந்த வண்டி முதலில் போவது, எது லூப் லைனில் காத்திருப்பது என்று செக்‌ஷன் கண்ட்ரோலர் முடிவு செய்வார். அவருக்கு எழுதிவைத்த முன்னுரிமை உண்டு. ராஜதானிக்கு வழிவிட்டுத்தான் கூட்ஸ். முகநூலில் கண்ட்ரோலர் ஒரு கணினி நிரல். அதற்குத் தெரிந்த முன்னுரிமை, எதைக் காட்டினால் நாம் இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்பதே. நாம் இருக்கும் நேரம்தான் விளம்பர வருமானம்.

2021-இல் பத்திரிகைகளில் வெளியான அந்நிறுவன ஆவணங்களின்படி, 2017-இல் கோபமுகம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைப் போல் ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்திருந்தார்கள். 2020-இல்தான் கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். ஆக, நண்பர் மகளின் கல்யாணப் படம் லூப் லைனில் நிற்க, முன்பின் அறியாத இருவரின் சண்டை மெயின் லைனில் பறந்தது. போதாததற்கு, இந்தப் பாதைக்கு டெர்மினஸ் கிடையாது. பேப்பருக்குக் கடைசிப் பக்கம் உண்டு, இதற்கு இல்லை.

வாட்ஸ்அப் குழு வேறு ஜாதி. அங்கே செய்திகள் வந்த வரிசையில் வரும். ஆபத்து, படிக்காமலே அனுப்பும் விரலில் இருக்கிறது. நாம் வாழும் இந்த மகாராஷ்டிரத்திலேயே, துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில், 2018 ஜூலை 1 அன்று, பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் ஊர் ஊராகப் பிச்சையெடுத்துப் பிழைத்த ஐந்து பேரை அடித்தே கொன்றது. அந்த மாதமே ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தினார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திக்கு ஒரு இடம்தான் என்றானது. இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அந்த வகை என்று அறியவும். எனக்கு வரும் மூட்டுவலி வைத்தியங்கள் எல்லாம் இரட்டை அம்பு!

காலை வணக்க ரோஜாக்களுக்காகக் குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினால் சம்பந்தி வீட்டுக்குப் பதில் சொல்லி மாளாது. ஒலியை மட்டும் அடைத்துவிடுங்கள். அது அவர்களுக்குத் தெரியாது. முகநூலில் 2022 ஜூலையில் ஃபீட்ஸ் என்றொரு பகுதி சேர்த்தார்கள். அதில் நண்பர்கள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் போட்டவை மட்டும், புதியது முதலாக, வரிசையாக வரும். மெனுவுக்குள் ஒளிந்திருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகம் திறந்திருக்கும்போது கைபேசியோடு வந்தால் காட்டித் தருகிறேன்; கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.