பழனிக்கு நடந்தால் மனபாரம் ஏன் குறைகிறது?

தைப்பூசம் நெருங்கினால் திண்டுக்கல் சாலைகளில் பழனி பாதயாத்திரைக் கூட்டம். கடன், நோய், பொய்த்த மழை என்று ஆளுக்கொரு கவலை. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நடந்தால் அது எப்படிக் குறையும்?

துன்பத்தைவிட நிச்சயமின்மைதான் மூளையை வாட்டுகிறது. 2016இல் வெளியான லண்டன் ஆய்வில், மின்னதிர்ச்சி உறுதி என்றபோதைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்றபோதே மனிதர்கள் அதிகம் பதறினார்கள். மாலை, விரதம், நடை என ஒழுங்கு தெரிந்த சடங்கு அந்தப் பதற்றத்துக்குப் பிடிமானம் தருகிறது. கூட நடப்பவர்களின் துணையும் பெரிது.

மொரிஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த குழு 2019இல் சொன்னது என்னை நெகிழ வைத்தது: அதிக வலியை ஏற்றவர்களே வாழ்க்கை கூடுதலாக மேம்பட்டதாக உணர்ந்தார்கள்.

ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு விரதம் மாற்றல்ல. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.