மெகான்டிக் மலையின் இரண்டு ஆடிகள்

மொன்றியல் நகருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள மெகான்டிக் மலையில் 1978 முதல் இயங்கிவரும் வானாய்வகத்தின் தொலைநோக்கி, 1.6 மீட்டர் விட்டமுள்ள குழியாடி ஒன்றையும் அதற்கு எதிரே நிற்கும் சிறிய குவியாடி ஒன்றையும் கொண்டது. மொன்றியல் பல்கலைக்கழக வானியலாளர்கள் பயன்படுத்தும் இக்கருவியின் அடிப்படைக் கணக்கு, பள்ளியில் கற்பிக்கப்படும் ஒரு சிறு சமன்பாட்டில் அடங்குகிறது.

பொருள் தூரத்தின் தலைகீழியையும் பிம்பத் தூரத்தின் தலைகீழியையும் கூட்டினால் குவியத் தூரத்தின் தலைகீழி கிடைக்கும் என்பதே அச்சமன்பாடு. தலைகீழி என்பது ஒன்றை ஓர் எண்ணால் வகுத்துக் கிடைப்பது. குவியத் தூரம் என்பது குழியாடியில் பட்டுத் திரும்பும் இணைக்கதிர்கள் கூடும் புள்ளி ஆடியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது. விண்மீனின் தொலைவு அளவிறந்தது ஆதலால் அதன் தலைகீழி சுழியமாகிவிட, பிம்பம் குவியத்திலேயே விழுகிறது.

குறிகளில்தான் மாணவர் இடறுகின்றனர். வட அமெரிக்கப் பாடநூல்களில் பரவலாக உள்ள முறையில் குழியாடியின் குவியத் தூரம் நேர்க்குறியும் குவியாடியினது எதிர்க்குறியும் பெறுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கார்ட்டீசியன் முறையில் இது தலைகீழாக அமைகிறது. எம்முறையும் சரியே, இரண்டையும் கலப்பதுதான் பிழை.

சமன்பாட்டின் முழு அழகும் இரண்டாவது ஆடியில் வெளிப்படுகிறது. பெரிய ஆடியிலிருந்து வரும் ஒளி குவிந்து முடியுமுன்னே குவியாடி அதைத் தடுப்பதால், கதிர்கள் கூடவிருந்த புள்ளி குவியாடிக்குப் பின்னால் அமைந்து, வட அமெரிக்க முறைப்படி பொருள் தூரமே எதிர்க்குறி பெறுகிறது. எடுத்துக்காட்டாக, அத்தூரம் 2 மீட்டர், குவியத் தூரம் 3 மீட்டர், இரண்டும் எதிர்க்குறி எனக் கொண்டால், மூன்றிலொரு பங்கை அரையிலிருந்து கழிக்க ஆறிலொரு பங்கு எஞ்சுகிறது. அதாவது 6 மீட்டர் தொலைவில், மும்மடங்கு பெரிதாக, திரையில் பிடிக்கத்தக்க மெய்ப்பிம்பம் உருவாகிறது. தனித்து நின்றால் கண்முன் உள்ள பொருளுக்கு மாயபிம்பம் மட்டுமே தரும் குவியாடி, இங்கே குறுகிய குழாய்க்குள் நீண்ட குவியத் தூரத்தை ஈட்டித் தருகிறது.

அம்முறையில் வில்லைக்கும் இதே சமன்பாடு பொருந்தும். ஆனால் அதன் குவியத் தூரம் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைச் சார்ந்தது, அவ்வெண்ணோ நிறத்துக்கு நிறம் மாறுவது. மேலும் வில்லையை விளிம்பில் மட்டுமே தாங்க முடியும், ஆடியைப் பின்புறம் முழுவதும் தாங்கலாம். ஆகவேதான் 1897-இல் அமெரிக்காவின் யெர்க்கீசு வானாய்வகத்தில் எழுந்த 1.02 மீட்டர் வில்லைத் தொலைநோக்கிக்குப் பின்னர் பெருந்தொலைநோக்கிகள் ஆடியையே நாடின. தமிழ்நாட்டின் காவலூரில் 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அவ்வழியில் வந்ததே.