புது சைக்கிள்... எட்டே மாதத்தில் சக்கரம் கரகரக்கிறதா?

மகனுக்கு கியர் வைத்த மவுன்டெயின் பைக் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பின்சக்கரத்தில் 'கர கர'வென்று சத்தம். "செயினுக்கு எண்ணெய் விட்டா சரியாயிடும்ப்பா" என்றான். விட்டோம், சத்தம் போகவில்லை. சில நாளில் சக்கரம் இடமும் வலமுமாக ஆடவும் ஆரம்பித்தது. வளைவில் திரும்பினால் டிஸ்க் உரசியது.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை உருவி, உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு குழம்பு.

"வாட்டர் சர்வீஸ் விடுறீங்களா சார்?"

மாட்டிக்கொண்டேன். ஞாயிறுதோறும் என் பைக்கைக் கழுவக் கொண்டுபோகும்போது, அவன் சைக்கிளையும் கூடவே நிறுத்துவேன். அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைப்பு!

விலை குறைந்த மவுன்டெயின் பைக்குகளின் ஹப்பில் பெரும்பாலும் கப், கோன், நடுவே பால்ஸ் இருக்கும். பின்சக்கரத்தில் பொதுவாகப் பக்கத்துக்கு 9 பால்ஸ், ஒவ்வொன்றும் கால் இன்ச். மொத்த எடையும் அவற்றின் மேல்தான். பிரஷர் தண்ணீர் நேராக ஹப்பில் அடித்தால் ரப்பர் மூடியைத் தாண்டி உள்ளே போகும். கிரீஸைக் கரைத்துக்கொண்டு வரும். பிறகு துரு. துருப்பொடி உப்புத்தாள் மாதிரி தேய்க்க, கோனில் சின்னச் சின்னப் பள்ளம் விழும். கோனை மாற்றிவிடலாம். கப் அப்படியல்ல, ஹப்போடு சேர்ந்தது. அதில் பள்ளம் விழுந்தால் ஹப்பையே மாற்ற வேண்டும்.

"நம்மது சீல்டு பேரிங், கவலையில்லை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த சீல் தூசியையும் சாரலையும் தடுக்கும், பிரஷர் தண்ணீரைத் தடுக்காது. மழைக்காலத்தில் ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டினாலும் இதே கதைதான். புது பேரிங் போடும்போது உள்வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அன்றைக்கே அது பாதி காலி. வெளிவளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும்.

இன்னொரு காரணம், கோனை அளவுக்கு மீறி இறுக்குவது. குயிக் ரிலீஸ் லீவர் உள்ள சக்கரத்தில் மிக லேசான ஆட்டம் விட்டு வைத்தால்தான், லீவரைப் பூட்டும்போது அது சரியாக அமரும். 'ஆட்டமே இருக்கக் கூடாது' என்று கழற்றிய சக்கரத்தில் இறுக்கினால் பால்ஸ் நசுங்கி ஓடும். புது சைக்கிளே சில சமயம் இப்படி இறுக்கமாக, கிரீஸ் குறைவாக வருவதுண்டு.

வீட்டிலேயே சோதிக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேல்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் தளர்ந்திருக்கிறது. பிறகு மெதுவாகச் சுற்றி, ஃபிரேமில் ஆக்சிலுக்குப் பக்கத்தில் விரலை வையுங்கள். மணலை அரைப்பது போன்ற அதிர்வு தெரிந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடப் போட செலவு ஏறும். ஆடும் சக்கரத்தோடு பிள்ளையைப் பள்ளத்தில் இறங்கவிடுவது ஆபத்தும்கூட.

எங்கள் அதிர்ஷ்டம், கப்பில் பள்ளமில்லை. இரண்டு கோன், புது பால்ஸ், நிறைய கிரீஸ். ஓவராயில் முடிந்தது. (ஓவர்ஹாலைத்தான் இப்படிச் சொல்கிறோம். எண்ணெய் சமாசாரம் என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன்!) இப்போது வாளித் தண்ணீரும் பழைய பனியனும்தான். ஹப் பக்கம் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

முன்சக்கரத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதுவும் அதே தண்ணீரில் குளித்ததுதான். இந்த ஞாயிறு அண்ணன் வரச் சொல்லியிருக்கிறார்.