கோவிலம்பாக்கம்: எட்டு எழுத்து, 42 பைட்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எப்படித் தொடங்குவது என்று மேலாளர்களுக்குச் சொல்லும் நூல்களும் பயிற்சி வகுப்புகளும், நாள் முழுவதும் ஆங்கில மின்னஞ்சல்களோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரையே மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி சாலையை ஒட்டி, கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் இடையே கோவிலம்பாக்கத்தில் நெருங்கி எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளை நடத்தும் மேலாளரின் நாள் அவ்வாறு கழிவதில்லை. காலையில் தண்ணீர் லாரி ஓட்டுநரிடமும், அடுத்து ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரிடமும், பிறகு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி. அறையின் ஆபரேட்டரிடமும் அவர் பேசுவது தமிழ். மாலையில் அசோசியேஷன் குழுவுக்கு அனுப்பும் அறிக்கையோ ஆங்கிலம். பேசும் மொழிக்கும் எழுதும் மொழிக்கும் இடையில் கிடக்கும் இந்த இடைவெளியில்தான் கருவி நுழைகிறது என்பதால், இந்த மேலாளர் எந்த வேலையிலிருந்து தொடங்குகிறார் என்பது அவருடைய நேரத்தை மட்டும் தொடுகிற கேள்வி அன்று.

பொதுவாக நடப்பது இது: ஆங்கில வழியில் படித்த மேலாளருக்குத் தமிழில் சரளமாகப் பேச வரும், ஆனால் நான்கு வரி எழுதக் கை தயங்கும்; எனவே ஆங்கிலத்தில் நான்கு சொல் தட்டி, தமிழில் அறிவிப்பு தருமாறு கருவியிடம் கேட்டு, வந்ததை அப்படியே அச்சிட்டு லிஃப்ட் அருகே ஒட்டிவிடுகிறார். இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. தமிழில் சொல்ல வேண்டியதை மேலாளரே எழுதவும், அந்தத் தமிழ்க் குறிப்பிலிருந்து ஆங்கில அறிக்கையைக் கருவி ஆக்கித் தரவும் வேண்டும்.

இதன் காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. உரையாடல் கருவிகளுக்கு அடிப்படையாக உள்ள பெரும் மொழி மாதிரி என்பது, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகி, ஒரு சொல்லின் பின் எது வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே செல்லும் கணினி அமைப்பு. அது எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. உரையை டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிக்கொண்டு படிக்கிறது. அந்த வெட்டில் தமிழ் படும் பாட்டை ஊர்ப்பெயரைக் கொண்டே பார்க்கலாம். கோவிலம்பாக்கம் என்பதில் கோ, வி, ல, ம், பா, க், க, ம் என எட்டு எழுத்துகள். யூனிகோடு முறை மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் கொம்பு, கால் முதலிய குறிகளையும் தனித்தனியாக எண்ணுவதால் இந்த எட்டும் 14 குறியீடுகளாகின்றன. இணையத்தில் பெருவழக்கான யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடம் பிடிப்பதால் ஊர்ப்பெயர் 42 பைட் ஆகிறது. அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 13 எழுத்து, 13 பைட். பைட் மிகுந்தால் துண்டுகளும் மிகுவது வழக்கம்.

இந்தச் சுமை குறைந்துவருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம் வெளியான ஒரு பெரிய மாதிரியை உருவாக்கியவர்கள், முன்பு 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ்ப் பத்தி புதிய வெட்டுமுறையில் 35 டோக்கனில் அடங்கிவிடுகிறது என்று காட்டினார்கள். அதே பத்தியின் ஆங்கிலம் 27-இலிருந்து 24 ஆனது. கட்டணமும் காத்திருப்பும் டோக்கன் கணக்கில்தான் என்பதால் இது சிறிய மாற்றமன்று. ஆனால் துண்டு குறைந்த அளவுக்குத் தமிழ் நன்றாகிவிடவில்லை. செய்தி, சினிமா, ஆன்மிகம், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த விளம்பரம் ஆகியவை இணையத் தமிழில் மிகுதி. சம்ப் நிரம்பியதா, மோட்டார் எத்தனை மணிக்குப் போட வேண்டும், பேக்வாஷ் விட்டாயிற்றா என்று பணியாளர்கள் பேசிக்கொள்ளும் தமிழ் எழுத்தில் ஏறுவதே அரிது. படிக்கக் கிடைக்காததைக் கருவி பழக வழியில்லை.

விளைவை ஓர் அறிவிப்பில் காணலாம். தண்ணீர் லாரி தாமதம் என்று கேட்டால் கருவி தருவது பெரும்பாலும் இந்த வகையில் அமைகிறது: “அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, நீர் விநியோக வாகனத்தின் வருகையில் தாமதம் ஏற்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். உங்கள் பொறுமையையும் ஒத்துழைப்பையும் மிகவும் பாராட்டுகிறோம்.” இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை; செய்தியும் இல்லை. இதையே மேலாளர் தாமே எழுதினால், “காலையில் 2 லோடுதான் வந்தது. அடுத்த லாரி மாலை 4 மணிக்கு. அதுவரை வாஷிங் மெஷின் போட வேண்டாம்” என்று முடிந்துவிடும். முதலாவது வடிவத்தில் யாரும் யாரிடமும் பேசவில்லை.

தொடங்குவதற்கு ஏற்ற வேலைகள் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் குவிந்த புகார்களை மின்சாரம், தண்ணீர், பார்க்கிங் என வகைபிரிப்பது, பழுதுபார்ப்பு நிறுவனத்தின் நீண்ட ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு செலவை யார் தலையில் வைக்கிறது என்று கண்டறிவது, ஏற்கெனவே மனத்தில் தெளிவாக உள்ள ஒன்றுக்கு ஆங்கில வடிவம் தருவது ஆகியவற்றில் தவறு நேர்ந்தால் மேலாளரின் கண்ணிலேயே பட்டுவிடும். கணக்கைக் கருவியிடம் வாய்மொழியாகக் கேட்பது வீண் வேலை: நாளொன்றுக்கு 4 லோடு, லோடுக்கு 12,000 லிட்டர், 30 நாள் என்றால் 14,40,000 லிட்டர் என்பதைக் கணிப்பால் அன்றிக் கணக்கால் பெற வேண்டும் என்பதால், விரிதாளுக்கான சூத்திரத்தை எழுதித் தரச் சொல்லிக் கணக்கை விரிதாளிடமே விட்டுவிடலாம். குடியிருப்போரின் பெயர், கைபேசி எண், வீட்டுவேலைக்கு வருவோரின் ஆதார் நகல் ஆகியவற்றைக் கருவியில் ஒட்டக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் கடுமையான மீறலுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு.

இவையெல்லாம் நேரம், பணம் சார்ந்தவை. கவலைக்குரிய இடம் எஸ்.டி.பி. அறையின் கதவு. அங்கு ஒட்ட வேண்டிய பாதுகாப்பு அறிவிப்பையும் இப்போது கருவியிடமே கேட்கலாம் என்றாகிவிட்டது. ஆங்கிலக் கையேடுகளின் சாயலில், “தொட்டியைச் சுத்தம் செய்யும் முன் கையுறையும் முகக்கவசமும் அணியவும்” என்று ஒரு வரி வந்து நின்றால், அவசரத்தில் இருக்கும் மேலாளருக்கு அது பொறுப்பான வாசகமாகவே தோன்றும். தொட்டி அருகே நிற்பவருக்கோ, அவற்றை அணிந்தால் இறங்கலாம் என்று அனுமதி கொடுத்ததாகிறது. கழிவுநீர்த் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு ஏறினால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று நினைப்பவர்தான் மயங்கி விழுகிறார். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் அங்கேயே விழுவது தமிழகச் செய்தித்தாள்களில் மீண்டும் மீண்டும் வந்த செய்தி.

உரிய பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இன்றிக் கழிவுநீர்த் தொட்டியைக் கையால் சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தடை தனியாருக்கும் பொருந்தும். சாக்கடைப் பணியில் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு ரூ.10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீடு, 2023 அக்டோபரில் ரூ.30 லட்சமாக உயர்த்தப்பட்டது. வாசகம் கருவி தந்தது என்று சொல்லி மேலாளர் விலகிக்கொள்ள முடியாது. அடியில் இருப்பது அவர் கையெழுத்து.

ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து காவல் பணியிலும் துப்புரவிலும் இருப்போருக்கு அவரவர் மொழியில் அறிவிப்பு கொடுக்கக் கருவி பெரும் உதவி என்ற வாதமும் உண்டு; அது ஓரளவு சரியே. ஆயினும் தனக்குத் தெரியாத ஒடியாவில் வந்ததை ஒட்டும் மேலாளர், அந்த மொழி தெரிந்த பணியாளர் ஒருவரை வாசிக்கச் சொல்லிப் பொருள் கேட்கிறார். தமிழில் அந்த எச்சரிக்கைகூட இல்லை. தாய்மொழி என்ற தைரியத்தில் முழுதாகப் படிக்காமலே ஒட்டப்படுவதால், தெரியாத மொழியைவிடத் தெரிந்த மொழியிலேயே பிழை எளிதாக நழுவுகிறது. பேச மட்டும் தமிழ், எழுத வேறு எதுவும் என்ற வழக்கம் இந்தக் கருவிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது உண்மை. முன்பெல்லாம் எழுத வராதவர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசரை அழைத்து எழுதச் சொன்னார், அவர் எழுதும்போதே “சார், இறங்கலாம்னு எழுத வேண்டாம்” என்று ஒரு சொல் குறுக்கே வந்தது. அந்தக் குறுக்குச்சொல்லுக்கு இப்போது இடமில்லாமல் போகிறது. வாரத்தில் மிச்சமாகும் சில மணி நேரத்தைக் காட்டி இதைச் சிறிய இழப்பென்று ஒதுக்கிவிட முடியாது.

எஸ்.டி.பி. அறைக்கு வேண்டியது இரண்டே வரி: “தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. அடைப்பு என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு மேலாளரை அழைக்கவும்.” கீழே அவருடைய கைபேசி எண். கோவிலம்பாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் குடியிருப்பு நடத்தும் மேலாளர்கள், கருவியில் அடுத்த கேள்வியைத் தட்டும் முன், தங்கள் எஸ்.டி.பி. அறைக் கதவில் இப்போது ஒட்டியிருக்கும் தாளை அங்கு வேலை செய்பவரிடம் கொடுத்து, உரக்கப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லி ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.